சாமக்கொடையில் எலிமினேஷன் கிடையாது!

சிவகிரிக்கு ரயில் கிடையாது. செங்கோட்டையிலிருந்து கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ், கடையநல்லூரைத் தாண்டியதும் மலையை விட்டு விலகி, பாம்பக்கோவில் சந்தை, சங்கரன்கோவில் என்று கிழக்கே வளைந்து ராஜபாளையம் போய்விடும். மலையடிவாரத்தை ஒட்டியே வர வேண்டும் என்றால் பஸ்தான். தென்காசியில் ராஜபாளையம், மதுரை என்று போர்டு மாட்டிய பஸ்ஸில் ஏறி, இடதுபக்க ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் போதும். கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று வழிநெடுக மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். டிரைவர் புண்ணியத்தில் இளையராஜாவும் கூடவே வருவார்.

இன்னொன்றும் கூடவே வரும். கோயில் திருவிழா பிளக்ஸ்! பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் இந்த ரோட்டில் போனவர்கள் கவனித்திருப்பார்கள். ஒவ்வோர் ஊர் முக்கிலும் அம்மன் படம், நன்கொடையாளர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், நடுவே மைக் பிடித்துச் சிரிக்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'டி.வி. புகழ்'. எந்தச் சேனல், எந்த சீசன் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். 'புகழ்' மட்டும் மாறாது.

அதே பிளக்ஸின் அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில் இன்னொரு வரி இருக்கும். 'நையாண்டி மேளம் உண்டு.' எந்த ஊர் செட், நாயனம் யார், தவில் யார் என்று சில நேரம் போட்டிருப்பார்கள். பல நேரம் அந்த இரண்டு சொல்லோடு முடிந்துவிடும்.

இந்த இரண்டு எழுத்து அளவுகளைப் பற்றித்தான் திருவிழாச் சீசனில் இங்கே டீக்கடைகளில் சண்டை நடக்கிறது. 'டி.வி.யில பாடுறதெல்லாம் யாவாரம்டே. நம்ம மேளந்தான் ஒரிஜினல்' என்பது ஒரு கட்சி. 'ஒரிஜினலைப் பார்க்க ஆள் வரணும்லா?' என்பது இன்னொரு கட்சி. கமிட்டியில் இளைஞர்கள் அதிகம் இருந்தால் பிளக்ஸில் 'டி.வி. புகழ்' கொஞ்சம் பெரிதாகும். பெரியவர்கள் அதிகம் என்றால் மேளக்காரர் பெயர் வரும். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் கூப்பிடாத ஊர் குறைவு.

சிவகிரி ஒரு காலத்து ஜமீன். 2019-ல் நெல்லையிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதோடு வந்த தாலுகாக்களில் ஒன்று. நெல், கரும்பு, தென்னை, வாழை. மலைக்கும் வயலுக்கும் நடுவில் அதிக தூரமில்லாததால், யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது என்ற செய்தி அடிக்கடி இந்தப் பக்கத்திலிருந்து வரும். கூடாரப்பாறையில் முருகன் இருக்கிறார். ஊருக்குள் திரௌபதி அம்மன் கோயில் பூக்குழி நடக்கிறது. பெரிய கோயில் திருவிழாக்கள் போக, சுற்றியுள்ள தெருக்களுக்கும் சிற்றூர்களுக்கும் தனித்தனியே கொடையும் பொங்கலும் உண்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து, அந்தப் பணத்தில் பந்தல், சீரியல் செட், மேளம், பூ, கிடா, கச்சேரி எல்லாம் நடக்க வேண்டும். ஒன்றுக்குக் கூடினால் இன்னொன்றுக்குக் குறையும். டீக்கடைச் சண்டைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

சரி, 'யாவாரம்' என்பது எப்போது இந்தப் பாட்டுக்குள் வந்தது? டி.வி. வந்த பிறகா? கேள்வியோடு பஸ் வந்த வழியே தெற்கே திரும்பிப் போனால், பதில் குற்றாலம் ரோட்டிலேயே இருக்கிறது.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் பக்கத்தில் மேலகரம் என்று ஓர் ஊர். சாரல் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியை நினைத்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் உயிரே, மலைக்குறத்தி குறி சொல்லும் பேச்சும் பாட்டும்தான். மலையில் புழங்கிய ஒரு மெட்டையும் சொல்லையும் எடுத்து, படித்தவர்கள் சபைக்குத் தகுந்த மாதிரி கட்டிக்கொடுத்தார் கவிராயர். அதற்குப் பரிசும் கிடைத்தது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே 'குறவஞ்சி மேடு'. அந்த நிலத்தில் ஒரு குழி அளவாவது குறி சொன்ன குறத்திக்குப் போயிருக்குமா என்று இன்று கேட்டால் கொஞ்சம் குறும்பான கேள்விதான். ஆனாலும் கேட்டு வைக்கலாம். பின்னால் உதவும்.

அடுத்த சாட்சி, சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியார். முப்பதைத் தொடாமலே 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இறந்துபோனவர். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடக்கிறவர்கள் அலுப்புத் தெரியாமல் பாடும் நடைமெட்டுதான் அவருக்கு மூலதனம். அவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். ஜமீனின் காவடிப் பயணத்துக்காகக் கட்டிய பாட்டுகள் ஜமீனையும் தாண்டி, புத்தகமாகி, நாடக மேடைக்குப் போய், கச்சேரி மேடைக்குப் போய், சினிமாவுக்கும் போய்விட்டன. இன்று பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்குகிறவர்களிடம் கேட்டால், 'அது ஊர்ப் பாட்டு' என்பார்கள். ஊர்ப் பாட்டுதான். ஸ்பான்சரும் இருந்தார்.

'பணம் வந்தால் பாட்டு கெட்டுவிடும். அதற்கு முன்னால் சுத்தமாக இருந்தது' என்று நினைப்பவர்களுக்கு, முத்துப்பட்டன் கதையையும் சொல்ல வேண்டும். பாபநாசம் மலைப் பக்கத்துக் கதை. வில்லுப்பாட்டில் இரவெல்லாம் பாடுவது. பிராமண இளைஞன் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, சாதியை உதறிவிட்டு மாமனாரின் தொழிலை ஏற்றுக்கொள்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். நாட்டார் கதைப்பாடல்களைத் தேடித் தேடிப் பதிப்பித்த பேராசிரியர் நா.வானமாமலை இதையும் பதிப்பித்தார். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டும்தான் என்று ஒரு கிளைக்கதை சில பாடங்களில் இருப்பதை எடுத்துக்காட்டி, மேல்சாதியாரின் மனம் கோணாமல் இருக்கப் பிற்காலத்தில் ஒட்டவைத்தது அது என்றார். கேமரா இல்லை, டி.ஆர்.பி. இல்லை. ஆனால், காசு கொடுக்கிறவர் முகம் பார்த்துக் கதை மாறியிருக்கிறது.

இனி செங்கோட்டை. குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரம். 1906-ல் இங்கே பிறந்த கிட்டப்பா, சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். சுருதி எங்கே நின்றாலும் அதற்கு மேலும் ஒரு படி ஏறும் குரல் என்று அவர் பாட்டைக் கேட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். இன்னொரு பக்கம், காவிரிக்கரைக் கொடுமுடியில் வறுமையில் பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியாக இருந்து மேடைக்கு வந்த கே.பி.சுந்தராம்பாள். (சிவகிரி என்றதும் பாதிப் பேர் 'ஈரோடு சிவகிரியா?' என்று கேட்பார்கள். அந்தச் சிவகிரி இருப்பது கொடுமுடிப் பக்கம். ஒரு சிவகிரிக்குத் தெற்கே கிட்டப்பா, இன்னொரு சிவகிரிக்குப் பக்கத்தில் சுந்தராம்பாள். கூகுள் மேப்பில் தப்பான சிவகிரியைத் தட்டுகிறவர்களுக்கு இந்த ஆறுதலாவது இருக்கட்டும்!)

இருவரும் 1926-ல் இலங்கை மேடையில் சந்தித்தார்கள். அதன் பிறகு அவர்கள் ஜோடி சேர்ந்த நாடகங்களுக்குக் கூட்டம் போனது கதைக்காக அல்ல. வள்ளி திருமணத்தின் கதை தெரியாதவர் யார்? வேலனும் வள்ளியும் பாட்டுக்குப் பாட்டு எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் உச்சிக்குப் போனால் மற்றவர் அதற்கு மேலே போக வேண்டும். 'ஒன்ஸ் மோர்' கேட்டுக் கூட்டம் கத்தும். நோட்டீஸில் பெயர் கொட்டை எழுத்தில் வரும். டிக்கெட் விற்கும். கிராமபோன் தட்டு விற்கும். இன்று டி.வி.யில் 'ஃபேஸ் ஆஃப்' என்று இரண்டு போட்டியாளர்களை எதிரெதிரே நிறுத்துகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அந்தக் காலத்திலும் 'நாடகக்காரப் பாட்டு' என்று முகம் சுளித்த சங்கீத ரசிகர்கள் இருந்தார்கள். கிட்டப்பா 1933-ல், 27 வயதில் இறந்துபோனார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பேசப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரு லட்சம்! கேட்டால் ஓடிப்போய்விடுவார்கள் என்று நினைத்துத்தான் அந்தத் தொகையைச் சொன்னார் என்று சொல்வதுண்டு. அவர்கள் ஓடவில்லை. கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு அந்தக் குரல் முருகன் கோயில் ஸ்பீக்கர்களில் கேட்கிறது. யாரும் அதை 'கமர்ஷியல்' என்பதில்லை.

இதைவிட வேடிக்கை எல்.ஆர்.ஈஸ்வரி. சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டு என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். அதே குரலில் அம்மன் பாடல்கள் இசைத்தட்டாக வந்து, கேசட்டாகப் பரவி, இன்று ஆடி மாதம் சிவகிரி வட்டாரத்தில் எந்த ஊர் அம்மன் கோயிலிலும் விடிகாலையில் குழாய் கட்டியதும் முதலில் ஒலிக்கின்றன. இசைத்தட்டு கம்பெனி லாபத்துக்காகப் போட்ட தட்டுதான் அது. அந்தப் பாட்டு ஒலிக்காத கொடையைக் கொடை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் ஊர்ப் பெண்கள்.

ஆக, 'காசு வாங்காமல் பாடினால் அசல், காசு வாங்கினால் நகல்' என்ற அளவுகோலோடு இந்த மாவட்டத்தில் இறங்கினால், குற்றாலத்திலேயே அது முறிந்துவிடும். வெற்றிலை பாக்கில் வைத்துத்தான் மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். கரகம் ஆடும் பெண்ணின் சட்டையில் ஊக்கு வைத்து ரூபாய் நோட்டைக் குத்துவதும், 'இன்னார் அன்பளிப்பு ரூபாய் நூறு' என்று மைக்கில் சொல்வதும் டி.வி. கற்றுக்கொடுத்ததா என்ன?

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க டி.வி.யின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

பிரிட்டனில் 2001-ல் 'பாப் ஐடல்', அடுத்த ஆண்டு 'அமெரிக்கன் ஐடல்', 2004-ல் 'இந்தியன் ஐடல்' என்று வந்த அலை, 2006-ல் விஜய் டி.வி.யில் 'சூப்பர் சிங்கர்' ஆனது. அதற்கு முன்பே சன் டி.வி.யில் ஏ.வி.ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' இருந்தது. ஆனால், அழுகை, அம்மா மேடைக்கு வருவது, கன்ஃபெட்டி பறப்பது, ஊரே மெசேஜ் தட்டி ஓட்டுப் போடுவது இவையெல்லாம் சேர்ந்த சமையல் 'சூப்பர் சிங்கர்' உடையது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மேடையில் நாட்டுப்புறப் பாட்டு ஒரு 'ரவுண்டு'. அன்று மட்டும் எல்லோரும் பாவாடை தாவணி, துண்டு, மண்பானை செட் என்று வருவார்கள். மறுவாரம் மெலடிக்குத் திரும்பிவிடுவார்கள்.

2018-ல் ஆறாவது சீசன் அதை மாற்றியது. புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் போட்டியாளர்களாக வந்தார்கள். இருவரும் பல ஆண்டுகள் ஊர் ஊராகக் கோயில் திருவிழாக்களில் பாடியவர்கள். ரவுண்டுக்காக வேட்டியை மடித்துக் கட்டவில்லை. கட்டியிருந்த வேட்டியோடு வந்தார்கள். ஜூலையில் செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். பரிசு, ஐம்பது லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு. குறவஞ்சி மேட்டுக்குப் பிறகு நாட்டு மெட்டுக்குக் கிடைத்த பெரிய அசையாச் சொத்து அதுவாகத்தான் இருக்கும்!

சமூக வலைதளங்களில் சண்டை சூடாக நடந்தது. 'இவர்கள் ஏற்கெனவே மேடைக் கலைஞர்கள், எப்படிப் புதுமுகம் ஆவார்கள்?' என்றார்கள். 'ஒரே மாதிரிப் பாடுகிறார், எல்லா வகையும் பாடட்டும்' என்றார்கள். 'அனுதாப ஓட்டு' என்றார்கள். இதற்கு முந்தைய சீசனிலும், வென்றவர் ஏற்கெனவே சினிமாவில் பாடியவர் என்று இதே போல் புழுதி கிளம்பியது. யார் 'உண்மையான' புதுமுகம், யார் 'உண்மையான' கிராமத்துக் குரல் என்ற பஞ்சாயத்து, போட்டி நடக்கும் வரை தீராது. தீரவும் விடமாட்டார்கள். அதுதான் ரேட்டிங்.

ஆனால், அந்த வெற்றிக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். இருவரும் மேடைகளில் பாடிப் பிரபலமான மச்சான் பாட்டு, 2019 ஜனவரியில் வந்த 'சார்லி சாப்ளின் 2' படத்தில் பிரபுதேவா ஆடும் பாட்டாக வந்தது. நாடு முழுக்க ஓடியது. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர், 'பழைய கிராமத்துப் பாட்டு, யாரோ எப்போதோ பாடியது' என்றே நினைத்தார்கள். அதை எழுதியவர் செல்ல தங்கையா. உயிரோடு, நம்மோடு இருக்கும் பாட்டாசிரியர். நாட்டுப்புறப் பாட்டு என்றால் ஆளில்லாத புறம்போக்கு நிலம் என்று நினைக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. சினிமாவும் டி.வி.யும் அந்தப் பழக்கத்தில் நன்றாகவே விளைச்சல் எடுத்திருக்கின்றன. குறத்திக்கு நிலத்தில் பங்கு உண்டா என்று முன்பு கேட்ட கேள்வி இங்கேதான் திரும்ப வருகிறது.

பாடியவர்கள் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. ராஜலட்சுமி 2021-ல் 'புஷ்பா' படத்தின் தமிழ் வடிவத்தில் பாடி, இன்னொரு சுற்று புகழ் பெற்றார். அவருக்கு முன்னால் வானொலியிலிருந்து 'ஆண் பாவம்' படத்துக்கு வந்த கொல்லங்குடி கருப்பாயி, 'தூள்' படத்துக்கு வந்த பரவை முனியம்மா என்று ஒரு வரிசையே உண்டு. எல்லோருக்கும் வாழ்க்கை ஒரே மாதிரி அமையவில்லை. நெல்லைச் சீமையிலேயே ஓர் உதாரணம், தங்கராசு. பெண் வேடமிட்டு ஆடிய கூத்துக் கலைஞர். 2018-ல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகனின் அப்பாவாக வந்து பார்த்தவர்களை உலுக்கியவர். படம் வந்து கொண்டாடி முடித்த பிறகும், அவர் இருந்த வீட்டின் நிலை செய்தியாக வந்த பின்தான் உதவிகள் தேடி வந்தன. 2023-ல் காலமானார். அதே 2018-ல்தான் இன்னொரு மேடையில் ஐம்பது லட்ச ரூபாய் வீட்டுக்குச் சாவி கொடுத்தார்கள். இரண்டு பேரும் கோயில் வாசல் மண்ணில் ஆடிப் பாடி வந்தவர்கள்தான். யாருக்குச் சாவி என்பதை முடிவு செய்கிற கை, ஊரில் இல்லை.

இப்போது சிவகிரிக்குத் திரும்பலாம். கொடை நாள்.

தெற்கே அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் கொடை என்றால் வில்லுப்பாட்டு. மகுடம் அடித்துக் கணியான் கூத்து நடக்கும் கோயில்களும் உண்டு. சிவகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு வந்தால் நையாண்டி மேளத்துக்குத்தான் மவுசு. நாயனம், தவில், பம்பை, தமுக்கு. சாமி அழைக்க ஓர் அடி, பூப்பெட்டி தூக்க ஓர் அடி, கரகத்துக்கு ஓர் அடி, கிடா வெட்டுக்கு ஓர் அடி. இதில் 'பெர்ஃபாமன்ஸ்' என்று தனியாக ஒன்றும் கிடையாது. மேளத்துக்கு வேலை இருக்கிறது. அடி சரியாக விழுந்தால் சாமியாடிக்கு அருள் வரும். வரவில்லை என்றால் பம்பைக்காரரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், சாமியாடியின் காலையே பார்த்துக்கொண்டு அடிப்பார். மார்க் போட ஆள் இல்லை. எலிமினேஷனும் இல்லை. அருள் வரும் வரை அடித்தே ஆக வேண்டும். அது பத்து நிமிஷமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம்.

டி.வி. மேடையால் தரவே முடியாதது இந்த நேரம்தான். அங்கே ஒரு பாட்டுக்குச் சில நிமிடங்கள். பல்லவி, ஒரு சரணம், கடைசியில் ஓர் உச்சஸ்தாயி, நடுவர் எழுந்து நிற்க வேண்டும். கொடையில் பாடிப் பழகிய ஒருவர் அந்த மேடைக்குப் போனால் முதலில் கற்றுக்கொள்வது சுருக்குவதைத்தான். திரும்பி ஊர் மேடைக்கு வரும்போது அந்தச் சுருக்கத்தோடுதான் வருகிறார். கூட்டமும் அதற்குப் பழகிவிட்டது. முழுக் கதை பாட ஆரம்பித்தால் செல்போனை எடுத்துவிடுகிறார்கள்.

பழியை டி.வி. மேல் மட்டும் போட முடியாது. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தபோதே, இரவெல்லாம் பாடுகிற வில்லுப்பாட்டை நிகழ்ச்சி நேரத்துக்குள் அடக்க வேண்டி வந்தது. குரல் தேர்வு வைத்து, கலைஞர்களுக்கு கிரேடு கொடுத்ததும் வானொலிதான். ஒருவிதத்தில் இந்தச் சீமையின் முதல் 'ஆடிஷன்' அரசாங்கம் நடத்தியது! கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனோடு பணியாற்றி, காந்தி கதையை வில்லில் ஏற்றி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, மறு ஆண்டு மறைந்த சுப்பு ஆறுமுகம் நெல்லைப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்துக்காரர். கோயில் வாசலில் விடிய விடியக் கேட்ட கலையை, சபா மேடையில் இரண்டு மணி நேரத்தில் ரசிக்கும்படி செய்தது அவர் சாதனை. அப்படிச் செய்ததால்தான் வில்லுப்பாட்டு என்ற பெயரே சென்னைக்குத் தெரிந்தது என்பதையும் மறுக்க முடியாது.

சட்டமும் தன் பங்குக்கு நேரத்தை வெட்டியிருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்களுக்கு அரசு தளர்வு கொடுத்தாலும் அது நள்ளிரவு வரைக்கும், வருஷத்தில் சில நாள்களுக்கும் மட்டும்தான். 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு ஒவ்வொரு வருஷமும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுக்கள் போகின்றன. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதி பேசக் கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வருகின்றன. நிபந்தனைகள் நியாயமானவைதான். 'கரகாட்டக்காரன்' வந்த 1989-க்குப் பிறகு கரகாட்டத்துக்கு ஒரு பெரிய மவுசு வந்ததும், பின்னாளில் பல மேடைகளில் அது எந்த இடத்துக்குப் போனது என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால், நேரம் குறையும்போது எதை முதலில் வெட்டுவார்கள்? முன்பணம் அதிகம் வாங்கிய நிகழ்ச்சியை வெட்ட மாட்டார்கள்.

ஆகவே ஒரு கொடை இரவின் அட்டவணை இப்போது பெரும்பாலும் இப்படி ஆகிவிட்டது. சாயங்காலம் தீர்த்தம் எடுத்து வருவது, மேளத்தோடு. ஏழு மணி வாக்கில் அன்னதானம், பரிசளிப்பு, பிரமுகர்களுக்குப் பொன்னாடை. எட்டு மணிக்கு 'டி.வி. புகழ்' இன்னிசைக் கச்சேரி. கீபோர்டு, ரிதம் பேட், எல்.இ.டி. திரை. புகழுக்குரியவர் வந்து ஐந்தாறு பாட்டுப் பாடுவார். மிச்ச நேரம் ஆர்க்கெஸ்ட்ரா பாடகர்கள். இளைஞர்கள் மேடையில் ஏறி செல்ஃபி எடுப்பார்கள். அவர் நன்றாகவே பாடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். பல நேரம் அவரும் இதே மாதிரி ஓர் ஊரிலிருந்து போனவர்தான். டி.வி. புகழுக்கு ஆயுள் குறைவு, அடுத்த சீசன் முகங்கள் வருவதற்குள் இரண்டு திருவிழாச் சீசன் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கும் உண்டு. பாடி முடித்ததும் கார் கிளம்பிவிடும். அதே இரவில் இன்னோர் ஊர் இருக்கலாம்.

மேளக்காரர்களுக்கு அந்த அவசரம் வேறு மாதிரி. பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரைதான் பிழைப்பு. மிச்ச மாதங்களில் கிடைத்த வேலை. 2020-லும் 2021-லும் கொரோனா ஊரடங்கில் கொடைகள் நின்றபோது, அடுத்தடுத்து இரண்டு சீசன் அப்படியே போனது. கடன் வாங்கியவர்கள், வேறு வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டவர்கள் உண்டு. பிள்ளைகளை நாயனத்தில் உட்கார வைப்பதா, திருப்பூருக்கு அனுப்புவதா என்ற கேள்வி ஒவ்வொரு செட்டிலும் இருக்கிறது. 'டி.வி.யில் ஒரு தடவை முகம் வந்துவிட்டால் போதும்' என்று அந்தப் பிள்ளைகளில் சிலர் நினைக்கிறார்கள் என்றால், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிளக்ஸில் எந்த எழுத்து பெரிதாக இருக்கிறது என்று அவர்களும் பார்த்துக்கொண்டுதானே வளர்கிறார்கள்!

சில ஊர்களில் சின்ன மாற்றமும் தெரிகிறது. மேளம் செட்டின் பெயர், நாயனக்காரர் பெயர், தவில்காரர் பெயர், ஊர், எல்லாவற்றையும் நோட்டீஸில் தனிக் கட்டத்தில் போடுகிறார்கள். மேளத்தின் வீடியோக்கள் யூடியூபில் ஓட ஆரம்பித்த பிறகு, குறிப்பிட்ட செட்தான் வேண்டும் என்று தேடி வருகிற கமிட்டிகளும் இருக்கின்றன. கச்சேரியின் மூன்று நிமிடத்தைவிட, சாமி இறங்கும் இருபது நிமிட வீடியோவை வெட்டாமல் பார்க்கிறவர்கள் அதில் உண்டு. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள்தான் அவர்களில் பாதிப் பேர்.

பத்து மணிக்கு மேல் கச்சேரி முடிகிறது. எல்.இ.டி. திரை இருட்டாகிறது. நாற்காலிகளை அடுக்குகிறார்கள். போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனதால் குழாய் ரேடியோவையும் நிறுத்தியாகிவிட்டது. செல்ஃபி எடுத்தவர்கள் பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்கள். கோயிலுக்கு முன்னால் மிஞ்சுவது நேர்த்திக்கடன் உள்ளவர்கள், தூக்கக் கலக்கத்தில் மடியில் பிள்ளைகளோடு பெண்கள், சாமியாடிகள், மேளக்காரர்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சாமக்கொடை. மைக் கிடையாது. பம்பைக்காரர் குச்சியை எடுத்து, தோலைத் தட்டிப் பார்த்து, தீப்பந்தத்தின் பக்கம் கொண்டுபோய்க் கொஞ்சம் காய வைத்துக்கொள்கிறார். நாயனக்காரர் சீவாளியை ஈரப்படுத்துகிறார். தவில்காரர், சாமியாடியின் காலைப் பார்த்தபடி முதல் அடியைப் போடுகிறார்.